களிம்பேறிய கம்பி

கார்த்திகை மாதத்து ஈர விடியலில், ராயபுரத்திலோ காசிமேட்டிலோ இரவெல்லாம் தெருவோரம் நின்ற கார் ஒன்று, சாவியைத் திருப்பியதும் உயிர்பெற்றாலும் முதல் சில நிமிடங்களுக்குத் திணறித் திணறி ஓடுவதும், முகப்புப் பலகையில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிவதும், வெயில் ஏறிய பிறகு அதே கார் ஒரு குறையும் அறியாதது போல எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுவதும் வடசென்னையில் பழகிப்போன புதிர். பணிமனைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் நோய் மறைந்திருக்கும். பிழைக்குறி படிக்கும் கருவியைச் செருகினால் அது ஏதேனும் ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லும். அந்தச் சென்சாரை மாற்றிய பின்னும் அடுத்த மழைக்கு நோய் திரும்பிவிடும். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் சென்சார் உண்மையையே சொல்லியிருக்கும். அது சொன்னதைக் கணினிக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய மெல்லிய வயரோ, அந்த வயர் வந்து முடியும் கப்ளரோதான் வழியில் செய்தியைத் திரித்திருக்கும்.

சென்சார் என்று பணிமனைகளில் வழங்கும் கருவிக்குத் தமிழில் உணரி என்று பெயர். வெப்பம், அழுத்தம், சுழற்சி, புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகிய ஏதேனும் ஒன்றை உணர்ந்து அதை மின் அளவாக மாற்றித் தருவது அதன் வேலை. எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரிக்கும் பேருந்துக்கும் பேர்பெற்றதாயினும், முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 என்னும் காரைத்தான். அந்தக் காரில் வயர் என்றால் விளக்குக்கும், ஹாரனுக்கும், பேட்டரி மின்னேற்றத்துக்கும், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கும் போவதுதான். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கார்புரேட்டர் என்னும் கருவி, உறிஞ்சப்படும் காற்றின் விசையைக் கொண்டே தீர்மானித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி கட்டாயமானதும், பின்னர் படிப்படியாக இறுகிய மாசு விதிகளும் அந்தத் தோராயத்துக்கு இடமில்லாமல் செய்தன. திருவொற்றியூர் ஆலையின் பெயரோடு சேர்ந்தே நினைக்கப்படும் 350 சிசி புல்லட் மோட்டார்சைக்கிள்கூட, பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்த 2020இல் கார்புரேட்டரைக் கைவிட்டு, உணரிகளின் சொல் கேட்டு எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறியது. இன்று என்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் பொறி என்பதையெல்லாம் தீர்மானிப்பது, மெக்கானிக்குகள் இசியு அல்லது இசிஎம் என்று அழைக்கும் ஒரு சிறு கணினிப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு வெப்பமும் தெரியாது, காற்றும் தெரியாது. அதன் உலகத்தில் இருப்பவை மின்னழுத்தங்கள் மட்டுமே. என்ஜினைச் சுற்றிவரும் குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். உலோக உறைக்குள் இருக்கும் ஒரு சிறு பீங்கான் துண்டு, சூடு ஏற ஏற மின்சாரத்தை எளிதாக விடும் இயல்புடையது. இதை வெப்பத்தடை எனலாம். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், 25 டிகிரி செல்சியஸில் இதன் மின்தடை ஏறத்தாழ 2000 ஓம். 80 டிகிரியில் அது 320 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கணினிப் பெட்டிக்குள் மாறாத அளவுடைய மற்றொரு தடை இருக்கிறது. பெட்டி தரும் 5 வோல்ட் என்னும் சொத்தை இந்த இரண்டு தடைகளும் பங்காளிகளைப் போலத் தத்தம் அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் பங்காளி மாறுவதில்லை. ஆகவே வெளியே இருப்பவனுக்கு எவ்வளவு போனது என்று பார்த்தாலே என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பெட்டி கணக்கிட்டுவிடும். இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: வெளிப் பங்காளி என்று பெட்டி நினைப்பது பீங்கான் துண்டை மட்டுமே. உண்மையில் பெட்டிக்கு வெளியே இருக்கும் எல்லாமும், அதாவது வயரும், கப்ளரும், யாரோ எப்போதோ போட்ட இணைப்பும் சேர்ந்துதான் அந்தப் பங்கு. உணரியின் வயர் அளவுகோலுக்கு வெளியே நிற்கும் பொருளாகாது; அதுவும் அளவுகோலின் ஒரு துண்டுதான்.

வயர் முழுவதும் அறுந்துபோனால் வெளிப்பங்கின் தடை எல்லையற்றதாகி, 5 வோல்ட்டும் அங்கேயே தேங்கிவிடும். பெட்டி தன் அட்டவணையைப் பார்த்து, என்ஜின் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில் இருப்பதாகப் படிக்கும். சென்னையில் அப்படியொரு குளிர் வருவதற்கில்லை என்பதைக் கணினியும் தன் வழியில் அறியும்; எந்த உணரியும் உண்மையில் தொட முடியாத இந்த உச்ச அளவைக் கண்டதும் அது பிழைக்குறியைப் பதிந்து, விளக்கை ஏற்றி, ஒரு கற்பனை வெப்பநிலையை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். உணரியின் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனாலும் இப்படியே, எதிர்த்திசையில் அகப்பட்டுக்கொள்ளும். முழுப் பொய் உடனே பிடிபடுகிறது. தொல்லை தருவது அரைப் பொய்.

அந்த அரைப் பொய்யிலும் இரு வகை உண்டு. விடியற்காலைத் திணறல் அவற்றில் முதல் வகையைச் சேர்ந்தது. சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விட்டுக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பர். தூய சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் வறண்ட காற்றிலேயே கசியத் தொடங்கும். கடலலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்தூளாகிக் கரையோரத் தெருக்களில் படிகின்றன. சன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே தூள், ரப்பர் வளையம் தேய்ந்த கப்ளருக்குள்ளும் புகுந்து, இரண்டு பின்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. பகலில் அது வெறும் தூள், மின்சாரத்தை விடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து விடியலில் ஈரப்பதம் ஏறியதும் அது உப்புநீராகி, பின்களுக்கிடையே ஒரு கள்ளப் பாதையைத் திறக்கிறது. அந்தப் பாதையின் தடை 2000 ஓம் என்று வைத்துக்கொண்டால், குளிர்ந்த உணரியின் 2000 ஓமும் அதுவும் அருகருகே இரு வாய்க்கால்களாக நின்று, மொத்தத் தடையைப் பாதியாக்கிவிடும். கணினி 1000 ஓமைக் காண்கிறது. என்ஜின் 40 டிகிரியைத் தாண்டிவிட்டதாக முடிவுசெய்து, குளிர்ந்த என்ஜினுக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. திணறல் அதனால் வருகிறது. என்ஜின் சூடேறி உணரியின் தடை 320 ஓமுக்கு இறங்கியதும், பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் சிறு மடை போல அந்தக் கள்ளப் பாதை பொருட்படுத்தத் தேவையில்லாததாகிறது. வெயிலில் கப்ளர் காய்ந்ததும் அந்த மடையும் அடைபட்டுவிடுகிறது. மெக்கானிக்கின் முன் வந்து நிற்கும்போது நோய் மறைந்திருப்பதில் மாயம் ஏதும் இல்லை. இரவு முழுதும் நின்ற காரில் குளிர்நீரின் வெப்பமும் உறிஞ்சும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், இப்போதைய கணினிகள் பல, காலையில் இந்த இரண்டு உணரிகளின் சாட்சியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, முரண்பட்டால் விளக்கை ஏற்றுகின்றன.

இரண்டாம் வகைப் பொய் இதற்கு நேர் எதிரானது. வயருக்குள்ளோ இணைப்பிலோ செம்பு அரித்துப்போனால், பாதையிலேயே ஒரு கூடுதல் தடை முளைக்கிறது. குளிர்ந்த நிலையில் 2000 ஓமுக்கு மேல் ஒரு 280 ஓம் சேர்ந்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 80 டிகிரியில் 320 ஓமாக இருக்க வேண்டியது 600 ஓமாகத் தெரியும்போது, என்ஜின் 60 டிகிரியில்தான் இருக்கிறது என்று கணினி நம்பிவிடும். பெட்ரோல் வீணாகும், மைலேஜ் குறையும், ரேடியேட்டர் விசிறி நேரத்துக்குச் சுழலாது. விளக்கோ பெரும்பாலும் எரியாது, ஏனெனில் 60 டிகிரி என்பது நம்பத்தக்க அளவு. கசிவு குளிரில் பொய் சொல்கிறது, அரிப்பு சூட்டில் பொய் சொல்கிறது. நோய் எந்த வேளையில் தலைகாட்டுகிறது என்பதை மட்டும் கவனித்தே, மீட்டரை எடுக்கும் முன்பு கோளாறின் வகையைப் பாதி ஊகித்துவிடலாம். வண்டி உரிமையாளர் சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் மற்றவரைவிட விரைவில் வேலையை முடிப்பதற்குக் காரணம் இதுவே.

செம்பில் படியும் அந்தப் பச்சைப் பொருளுக்குத் தமிழில் களிம்பு என்று பழைய பெயர் இருக்கிறது. செம்போடு களிம்பு உடன்பிறந்தது போல உயிரோடு ஆணவமலம் கூடியிருக்கிறது என்பது சைவ சித்தாந்தத்தின் புகழ்பெற்ற உவமை. பட்டினத்தார் அடங்கிய தலமாகிய திருவொற்றியூரில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேதியியல் இவ்வுவமையோடு சற்றே மாறுபடும்: களிம்பு செம்பிற்குள் இருப்பதன்று, காற்றும் நீரும் உப்பும் வெளியிலிருந்து வந்து உண்டாக்குவது, ஆகவே அவற்றை அடைத்துவிட்டால் அது வராது. அடைப்பதுதான் கடினம். உணரி வயர் ஒரே கம்பியாக இருப்பதில்லை. தலைமுடி போன்ற பதினாறு அல்லது பத்தொன்பது நுண்புரிகளை முறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருப்பர். புரிகளுக்கிடையே உள்ள இடுக்குகள், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீரை இழுத்துக்கொண்டு போகும். நுண்புழைமை எனப்படும் இந்த இயல்பினால், ஓரிடத்தில் புகுந்த நீர் உறைக்குள்ளேயே பல அடி தூரம் நடந்து, வெளிப்பார்வைக்குப் புத்தம்புதிதாகத் தெரியும் இடத்தில் களிம்பை உண்டாக்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் போன்றவை, கழுவித் துடைத்து ஓடத் தொடங்கிய பிறகும் பல மாதம் கழித்துப் புதிது புதிதாக மின்கோளாறு காட்டக்கூடியவை என்பதற்கு இதுவே அடிப்படை. மின்சாரம் ஓடும் இடத்தில் அரிப்பு இன்னும் விரைவு. ஈரமான கப்ளரில் நேர்மின் பக்கத்திலுள்ள செம்பு, முலாம் பூசும் தொட்டியில் நடப்பது போலவே, கரைந்து வெளியேறுகிறது; எர்த் வயர் பளபளப்பாக இருக்க, எப்போதும் மின்னழுத்தம் நிற்கும் பக்கத்து வயர் மட்டும் பச்சைத் தூளாகியிருப்பதை மெக்கானிக்குகள் அடிக்கடி காண்கின்றனர்.

கடற்காற்று உண்மையிலேயே இவ்வளவு கொடியதா என்பதை அளந்து பார்க்கும் முறை எளியது. உலோகத் தகடுகளை எடைபோட்டு, கரையோரத்திலும் உள்நாட்டிலும் சட்டங்களில் பொருத்தி வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்து, குறித்த காலம் கழித்துத் துருவை நீக்கி மீண்டும் எடைபோடுவர்; குறைந்த எடையே காற்று தின்ற அளவு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நெடுங்காலமாக இத்தகைய அளவீடுகளைச் செய்து வருகிறது. அதன் கடலோரச் சோதனைக் களங்களுள் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. கரையிலிருந்து விலக விலக அரிப்பு மளமளவென்று குறைவதும் இவ்வாறே தெரியவந்தது. தொழிற்சாலைகள் அத்தனை காலம் காத்திருக்க முடியாதென்பதால், 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புநீரைப் பனியாகத் தெளிக்கும் மூடிய பெட்டிக்குள் கப்ளர்களை நாட்கணக்கில் அடைத்துவைத்துச் சோதிக்கின்றன. அந்தச் சோதனையில் தேறிய கப்ளரும், ஒருமுறை கத்திமுனையால் நெம்பித் திறக்கப்பட்டு ரப்பர் வளையம் கிழிந்துவிட்டால், தேறாத கப்ளரே.

கோளாறு உண்டென்று தெரிந்த பின் அது எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இது காரைவிட மிகப் பழைய கேள்வி. 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்தி வடம் போடப்பட்டது. அத்தகைய வடம் நடுக்கடலில் பழுதானால், கப்பலை எங்கே அனுப்புவது என்பதைக் கரையில் உட்கார்ந்தே கணக்கிட்டனர்: ஒரு மைல் வடத்துக்கு எவ்வளவு தடை என்பது முன்பே தெரியும், கரை முனையிலிருந்து பழுது வரைக்குமான தடையை நுட்பமான தராசுச் சுற்று ஒன்றால் அளந்து வகுத்தால், பழுதின் தொலைவு வந்துவிடும். காருக்கு இந்த வழி உதவாது. அரை சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள உணரி வயர் மூன்று மீட்டர் நீளம் இருந்தாலும் அதன் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண மல்டிமீட்டரின் முள்கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். ஆழ்கடலுக்கு உதவிய கணிதம் பானட்டுக்கடியில் தோற்கிறது. இங்கே தேவைப்படுவது தேடும் ஒழுங்கு.

அந்த ஒழுங்கின் முதல் படி வயரிங் வரைபடம். காரில் ஓடும் நூற்றுக்கணக்கான வயர்களை வயரிங் கிட் என்னும் ஒரே கற்றையாகக் கட்டியிருப்பர். ஒவ்வொரு வயருக்கும் ஓர் அடிநிறமும், பலவற்றுக்கு அதன்மேல் மெல்லிய மற்றொரு நிறக்கோடும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. என்ஜின் சூட்டில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகிவிடும். கப்ளருக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே இணைப்பு நிறம் மாறிப் போவதும் உண்டு. கப்ளரின் பிளாஸ்டிக்கில் அரிசியில் எழுதியது போலப் பொறித்திருக்கும் பின் எண்களே உறுதியான முகவரி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: வரைபடம் கப்ளரை முகப்பிலிருந்து பார்த்தபடி வரைந்திருக்க, மெக்கானிக் வயர் நுழையும் முதுகிலிருந்து பார்த்தால், இடமும் வலமும் கண்ணாடியில் போல மாறிவிடும். சரியான வரைபடத்தை வைத்துக்கொண்டு தவறான வயரை வெட்டியவர்கள் பலர் இந்தக் கண்ணாடியில் ஏமாந்தவர்களே.

அடுத்தது பாதியாகப் பிரித்துப் பார்த்தல். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுபவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டாமல், நடுவில் திறந்து, சொல் முன்னா பின்னா என்று பார்த்து, மீதிப் பாதியை மறுபடி பிளப்பது போல, உணரிக்கும் கணினிக்கும் நடுவேயுள்ள கப்ளரில் முதலில் அளந்தால் கற்றையின் ஒரு பாதியை உடனே ஒதுக்கிவிடலாம். கப்ளரைக் கழற்றி அளக்கையில் கணினி தரும் 5 வோல்ட் அங்கே முழுதாக வந்து சேர்ந்தால் கோளாறு பெரும்பாலும் உணரிப் பக்கம். வராவிட்டால் கணினிப் பக்கம். பிளந்து கிடைத்த சிறு பகுதியிலும் சந்தேகம் கொள்ளத்தக்க இடங்கள் ஒருசிலவே: ஆடும் என்ஜினிலிருந்து ஆடாத உடலுக்கு வயர் தாவும் வளைவு, புகைக்குழாயின் அருகு, பேட்டரித் தட்டின் அடி, பாடி எர்த் போல்ட், பழைய இணைப்பின் மேல் சுற்றிய இன்சுலேஷன் டேப். துறைமுகக் கிடங்குகளையொட்டி வண்டி நிறுத்துபவர்கள் இத்துடன் எலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மல்டிமீட்டரின் கீச்சொலி இந்தத் தேடலில் ஒரு பொய்ச்சாட்சி. வயரின் இரு முனைகளையும் தொட்டால் கீச்சிடும் அந்தச் சோதனைக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். பத்தொன்பது புரிகளில் பதினெட்டு அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது மகிழ்ச்சியோடு கீச்சிடும். நம்பத்தக்க கேள்வி, வயர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேட்கப்படுவது. தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயில் எங்கே மடிப்பு இருக்கிறதோ அதற்கு இப்பால் அழுத்தமும் அப்பால் தொய்வும் தெரிவது போல, மின்னோட்டம் ஓடும் வயரில் எங்கே தடை இருக்கிறதோ அங்கே மின்னழுத்தம் சரியும். என்ஜின் ஓடுகையில் மீட்டரின் ஒரு முள்ளை வயரின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் வைத்தால், நல்ல வயரில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் தெரியாது. களிம்பேறியதில் எண் எழும்பி நிற்கும். கூடவே கற்றையைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே வரும்போது எந்த அசைவில் எண் துள்ளுகிறதோ, அந்த விரலுக்கடியில் லூஸ் கான்டாக்ட் இருக்கிறது. முள்ளைக் கப்ளரின் முதுகுப்புறமாக, ரப்பர் கிழியாமல், வயரை ஒட்டியே மெல்லிய ஊசியால் நுழைக்க வேண்டும். வயரின் உறையைக் குத்திப் பார்ப்பது எளிது என்பதால் பலரும் அதையே செய்கின்றனர். மதுரையில் அந்த ஊசித்துளையை மன்னித்துவிடலாம். எண்ணூரில் அது உப்புக் காற்றுக்குத் திறந்துவைத்த வாசல், களிம்பின் அடுத்த குடியிருப்பு.

இன்றைய கார்களில் பல கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்னும் இருவயர்ப் பாதை, பழுதைத் தானே காட்டிக்கொடுக்கும் வகையில் அமைந்தது. 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட இம்முறையில், பாதையின் இரு கடைக்கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று நிற்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு வயர்களுக்கும் இடையே அளந்தால், இரண்டும் அருகருகே நிற்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் நடுவில் எங்கோ ஒரு வயர் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன.

கற்றைக்குள் சில வயர்கள் ஜடை போல ஒன்றையொன்று சுற்றியிருப்பதும் அழகுக்காகச் செய்ததன்று. என்ஜினின் சுழல்தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரியின் பரவலான ஒரு வகை, காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த ஒரு சிறு மின்னாக்கி. பல கார்களில் அதன் முன்னே சுழலும் பற்சக்கரத்தில் அறுபது பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டு ஐம்பத்தெட்டு பற்களே இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு மின்னலை எழுந்து விழுகிறது, பொக்கைவாய் வரும்போது அலை ஒருகணம் நின்று, சுற்றின் தொடக்கம் இதுவென்று கணினிக்கு அறிவிக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும்போது இந்த அலையின் உயரம் மிகச் சிறியது. பக்கத்திலேயே பற்றவைப்புச் சுருளின் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிக்கிறது. இரு வயர்களையும் முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு முறுக்கில் ஒரு வயருக்கு அருகிலும் அடுத்த முறுக்கில் மற்றதற்கு அருகிலும் விழுந்து, இரண்டிலும் சமமாகி, வேறுபாட்டை மட்டுமே படிக்கும் கணினிக்குக் கேட்காமல் போய்விடும். இந்த முறுக்கிணையைத் தொலைபேசிக்காக 1881இலேயே கிரகாம் பெல் காப்புரிமை பெற்று வைத்தார். ஆகவே வெட்டி இணைத்தபின் முறுக்கை மீண்டும் சுற்றிவிட வேண்டும். இந்த இரு வயர்களையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால் வரும் தொல்லை வேறு: அலை தலைகீழாகிப் பொக்கைவாயின் இடம் தவறாகப் படிக்கப்படும், மீட்டர் இரு பக்கமும் ஒரே தடையைக் காட்டி எல்லாம் சரி என்று சொல்லும், வண்டியோ கிளம்பாது.

இணைப்பு என்பதை, அறுந்த இரு முனைகளைத் திருகி டேப் சுற்றுவதாக எண்ணுவது விளக்கு வயர் காலத்துப் பழக்கம். பன்னிரண்டு வோல்ட் விளக்குக்கு அரை ஓம் கூடினால் வெளிச்சம் சற்று மங்கும், அவ்வளவே; அளவுகோலின் ஒரு துண்டை மாற்றும்போது புதிய துண்டும் பழைய அளவிலேயே, வெயிலிலும் மழையிலும் மாறாமல் இருந்தாக வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும் செம்பை, சிவந்த பளபளப்பு தெரியும் வரை வெட்டித் தள்ளி, குறைந்த நீளத்துக்கு அதே தடிமனுள்ள, அதே சூடு தாங்கும் வயரைச் சேர்க்க வேண்டும். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கப்ளரோடு ஒரு சாண் வயரும் விட்டு அறுத்து விற்பதன் அருமை இங்கேதான் புரியும். அடுத்து, பசை தடவிய சுருங்குகுழாயை, பணிமனை வழக்கில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, இணைப்புக்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். இணைப்பை அழகாக முடித்த பிறகு ஸ்லீவ் மேசைமேலேயே இருப்பதைப் பார்ப்பது இத்தொழிலில் எவரும் தப்பாத தண்டனை.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, சிறு செம்புக் குழலுக்குள் இரு முனைகளையும் விட்டு இடுக்கியால் நசுக்குவதா என்ற வழக்கு பணிமனைகளில் ஓயாதது. கிரிம்பிங் எனப்படும் நசுக்கலில், சரியான இடுக்கியின் விசை செம்பின் மேலுள்ள ஆக்சைடுத் தோலை உடைத்து உலோகத்தோடு உலோகத்தை, இடையில் காற்றும் புகாதபடி, சூடில்லாமலே ஒட்டவைக்கிறது. ஈயப் பற்றும் மின்சாரத்தைச் செவ்வனே விடும். அதன் குறை அது முடியும் ஓரத்தில் இருக்கிறது. உருகிய ஈயம் புரிகளுக்குள் திரியில் எண்ணெய் போல ஏறி ஓரிடத்தில் நின்றுவிட, அதுவரை வயர் குச்சியாகவும் அதற்கப்பால் நூலாகவும் ஆகிவிடுகிறது. என்ஜினின் ஓயாத அதிர்வு முழுதும் அந்த எல்லைக்கோட்டில் குவிந்து புரிகளை ஒவ்வொன்றாக முறிக்கிறது. கயிறு முடிச்சில் அறாமல் முடிச்சின் ஓரத்தில் அறும் என்பதைக் காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்பவர்கள் அறிவர். ஆட்டம் இல்லாத இடத்தில், அமிலம் கலக்காத பிசின் கொண்டு வைத்த ஈயப் பற்றைக் குறைசொல்ல முடியாது. என்ஜின்மேல் கிரிம்பிங்கே மேல். பல வயர்களை ஒரே இடத்தில் இணைக்க நேர்ந்தால், சுவரில் செங்கல் இடுக்குகள் ஒரே கோட்டில் விழாதபடி அடுக்குவது போல, இணைப்புகளைத் தள்ளித் தள்ளி அமைத்தால் கற்றை புடைக்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை வயர்களில் மட்டும் இந்த வேலை எதையும் செய்யக்கூடாது. தவறான ஒரு மின்துடிப்பில் பை வெடித்து விரிந்துவிடும்.

காற்றுப் புகாமல் அடைப்பதே இணைப்பின் உயிர் என்ற இந்த விதிக்கு ஒரே ஒரு விசித்திரமான விலக்கு உண்டு. புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் உணரி, சிர்க்கோனியா என்னும் பீங்கானால் ஆனது. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானதும் அது ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே விடத் தொடங்கி, ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் இருக்க, இரண்டிலுமுள்ள ஆக்சிஜனின் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் தருகிறது. பெட்ரோல் மிகுந்து புகையில் ஆக்சிஜன் அற்றுப்போனால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். ஒப்பிடுவதற்கான அந்தத் தூய வெளிக்காற்று உணரிக்குள் எப்படிப் போகிறது? உடலில் துளையிட்டால் மழைநீரும் சாலைச் சேறும் புகும். ஆகவே பல வகைகளில், உணரியின் வயருக்குள் புரிகளுக்கிடையே உள்ள அதே இடுக்குகளின் வழியாகவே காற்று கப்ளரிலிருந்து உள்ளே இழுக்கப்படும்படி அமைத்திருக்கின்றனர். களிம்பை நடத்திச் செல்லும் பாதை இங்கே மூச்சுக்குழல். அந்த வயரில் ஈயம் வைத்தாலோ கிரீஸ் தடவினாலோ மூச்சு அடைபட்டு, உணரி தரும் மின்னழுத்தம் மெல்ல மெல்லத் தாழ்ந்து, புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதாகக் கணினியை ஏமாற்றி, தேவையில்லாத பெட்ரோலை ஊற்றவைக்கும். ஆக்சிஜன் உணரியின் வயரை ஒட்ட நேர்ந்தால் ஈயத்தைத் தொடாமல் கிரிம்பிங் மட்டுமே செய்ய வேண்டும் என்று உணரித் தயாரிப்பாளர்கள் குறிப்புத்தாளில் அச்சிட்டே தருகின்றனர். அந்தத் தாள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிறது.